ஆளில்லா விமானமும் குடிமக்கள் பாதுகாப்பும்

(மாவட்ட நிர்வாக அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்து கொண்ட கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ட்ரோன் என்று நாம் வழக்கில் சொல்லும் ஆளில்லா விமானம் இன்று இந்தியக் கிராமங்களுக்குப் புதியதன்று. 2020 ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஸ்வாமித்வா திட்டத்தின்கீழ் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களின் குடியிருப்புப் பகுதிகள் இச்சாதனத்தின் துணையால் அளக்கப்பட்டுள்ளன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் 15,000-க்கு ட்ரோன்களை வழங்கி, வயல்களில் உரமும் மருந்தும் தெளிக்கும் பணியை அவர்களுக்கு ஒரு வருவாய்த் தொழிலாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. வெள்ளம் சூழ்ந்த ஊர்களைப் பார்வையிடவும், எட்டாத மலைப்பகுதிகளுக்கு மருந்து கொண்டு செல்லவும் இச்சாதனம் பயன்படுகிறது. வளர்ச்சிப் பணியில் அதன் பங்கு பெருகிக்கொண்டே போகும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இன்று நான் பேச வந்தது அதன் மறுபக்கத்தைப் பற்றி. இரண்டு நிகழ்ச்சிகளை உங்கள் கவனத்துக்குக் கொண்டு வர விரும்புகிறேன்.

முதலாவது, 2025 மே 9-ஆம் நாள் இரவில் நடந்தது. பஞ்சாப் மாநிலம் பெரோஸ்பூர் மாவட்டத்தின் எல்லையோரக் கிராமம் ஒன்றில், ஒரு வீட்டின்மீது பகைநாட்டு ட்ரோன் விழுந்து தீப்பற்றியது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் தீக்காயமுற்றனர். அவர்களுள் ஒருவரான பெண்மணி சில நாட்களில் மருத்துவமனையில் உயிர் நீத்தார். இரண்டாவது, அதே ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் ரேபரேலி மாவட்டத்தில் நடந்தது. திருடர் கூட்டம் ட்ரோன்களைப் பறக்கவிட்டு வீடுகளை நோட்டமிடுகிறது என்ற வதந்தி அப்பகுதியில் பரவியிருந்த வேளையில், இரவில் சென்றுகொண்டிருந்த ஒருவரைத் திருடன் என்று ஐயுற்ற கும்பல் அவரை அடித்தே கொன்றது. அவரிடம் ட்ரோனும் இல்லை. அவர் திருடரும் அல்லர்.

முதல் மரணத்தை விளைவித்தது இயந்திரம். இரண்டாவது மரணத்தை விளைவித்தது இயந்திரத்தைப் பற்றிய அச்சம். மக்களுக்கு நாம் தரும் பாதுகாப்பு அறிவுரை இவ்விரு மரணங்களையும் தடுக்கவல்லதாக இருக்க வேண்டும். ஒன்றைத் தடுக்கப் போய் மற்றதை வளர்த்துவிடக் கூடாது. என் உரையின் சாரம் இதுவே.

அபாயம் எத்தகையது?

வானில் காணும் ட்ரோன்களுள் மிகப் பெரும்பாலானவை சட்டப்படி இயங்குபவை. 2021 ஆகஸ்ட் 25-ஆம் நாள் வெளியான ட்ரோன் விதிகள் இவற்றை எடையை வைத்து ஐந்து வகையாகப் பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ; அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ; 25 கிலோ வரை சிறியது; 150 கிலோ வரை நடுத்தரம்; அதற்கும் மேற்பட்டது பெரியது. வான்வெளியும் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாக வகுக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. மஞ்சள் மண்டலத்தில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியும், சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியும் தேவை. ஆகவே ஊருக்கு மேல் ஒரு ட்ரோன் பறப்பதாலேயே அது குற்றமாகிவிடாது.

அபாயம் விளைவிப்பவை மூன்று வகை. விதியறியாமலோ கவனக்குறைவாலோ விமான நிலையத்தின் அருகிலும் கூட்டத்தின் தலைக்கு மேலும் பறக்க விடப்படுபவை முதல் வகை. எல்லை தாண்டிப் போதைப்பொருளும் ஆயுதமும் கொண்டு வருபவை இரண்டாம் வகை. பஞ்சாப் எல்லையில் 2023-இல் 107 ட்ரோன்களையும் 2024-இல் 294 ட்ரோன்களையும் எல்லைப் பாதுகாப்புப் படையினர் கைப்பற்றினர் என்பது இதன் வளர்ச்சி வேகத்தைக் காட்டும். தாக்குதலுக்கென்றே அனுப்பப்படுபவை மூன்றாம் வகை. 2021 ஜூன் 27-ஆம் நாள் அதிகாலையில் ஜம்மு விமானப்படை நிலையத்தில் சில நிமிட இடைவெளியில் இரு குண்டுகள் வெடித்தன. விமானப்படையினர் இருவர் இலேசான காயமுற்றனர். நம் நாட்டில் ட்ரோன் கொண்டு நடத்தப்பட்ட முதல் தாக்குதல் அதுவே. 2022 ஜனவரி 17-ஆம் நாள் அபுதாபியில் நடந்த தாக்குதலில் மாண்ட மூவருள் இருவர் அங்குப் பிழைக்கச் சென்ற இந்தியர். 2025 மே 8-ஆம் நாள் இரவில் லே முதல் சர் கிரீக் வரை 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்கள் ஊடுருவ முயன்றன என்று அரசு மறுநாள் அறிவித்தது.

தாக்குபவனுக்கு ஆகும் செலவு குறைவு. தடுப்பவனுக்கு ஆகும் செலவு மிகுதி. பொருளாதாரம் பயின்றவர்கள் இந்த ஏற்றத்தாழ்வின் பொருளை எளிதில் உணர்வர். ஒவ்வொரு வீட்டின்மீதும் ஒரு பீரங்கியை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. படைகள் காக்கும் எல்லைக்கு அப்பால், எஞ்சிய இடைவெளியை நிரப்ப வேண்டியது குடிமக்களின் ஒழுங்கே. அந்த ஒழுங்குக்குச் செலவு அதிகமில்லை, பயிற்சிதான் தேவை.

வானில் கண்டால்

அமைதிக் காலத்தில் ஐயத்துக்கிடமான ட்ரோன் ஒன்றைக் கண்டால் முதலில் கவனிக்க வேண்டியவை சில. நேரம் என்ன? எத்திசையிலிருந்து எத்திசைக்குச் சென்றது? எவ்வளவு உயரத்தில், அதாவது பனைமர உயரமா, கைப்பேசிக் கோபுர உயரமா? சுழலும் விசிறிகள் உடையதா, இறக்கை உடையதா? அடியில் ஏதேனும் தொங்கியதா? எதையாவது கீழே போட்டதா? இயக்குபவர் எவரேனும் அருகில் தென்பட்டாரா? இவற்றை மனத்தில் குறித்துக்கொண்டு 112 என்ற அவசர எண்ணுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். இயக்குபவர் என்று கருதும் ஆளைத் தாமே வளைத்துப் பிடிக்க முற்படலாகாது. அவர் நில அளவைத் துறையின் ஊழியராக இருக்கலாம். ஆயுதம் ஏந்திய கடத்தல்காரராகவும் இருக்கலாம். இரு நிலையிலும் கூட்டம் கூடுவது தீமையே.

கல்லெறிதல், கவண் வீசுதல், துப்பாக்கியால் சுடுதல் ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். வானை நோக்கிச் சுட்ட குண்டு எங்கோ ஓரிடத்தில் இறங்கியே தீரும். அடிபட்ட ட்ரோன் யார் தலைமீது விழும் என்று எவராலும் சொல்ல முடியாது. வெடிபொருள் தாங்கியதாயின் அதை ஊருக்குள் நாமே இறக்கியவர்களாவோம். வானொலி அலைகளைத் தடுக்கும் ஜாமர் கருவிகளை வாங்கி வைப்பதும் தனியாருக்குச் சட்டம் அனுமதிக்காத செயல். அது ட்ரோனை நிறுத்துமோ இல்லையோ, அண்டை வீட்டார் ஆம்புலன்சை அழைக்கும் தொலைபேசியை நிறுத்திவிடும்.

போர் அல்லது போர்ப் பதற்றக் காலத்தில் நிலைமை வேறு. அப்போது நின்று கவனித்துக் குறிப்பெடுக்க நேரமில்லை. அபாயச் சங்கு ஏறியும் இறங்கியும் இரண்டு நிமிடம் ஒலித்தால் அது எச்சரிக்கை. ஒரே சீராக இரண்டு நிமிடம் ஒலித்தால் அபாயம் நீங்கியது என்று பொருள். இந்த வேறுபாட்டைப் பள்ளிச் சிறாரும் அறிந்திருத்தல் வேண்டும். எச்சரிக்கை கேட்டவுடன் வீட்டுக்குள் செல்ல வேண்டும். மொட்டை மாடிக்கு ஏறிப் பார்ப்பது பெரும் தவறு. வானில் வைத்தே ட்ரோனைத் தகர்த்தாலும் அதன் சிதறல்கள் பூமிக்குத்தான் வரும். படையினரின் வெற்றியை மாடியில் நின்று பார்க்க விரும்புபவர் அச்சிதறல்களுக்கு இலக்காகிறார்.

வீட்டுக்குள் எங்கே இருப்பது? பல ஆண்டுகளாகத் தாக்குதலுக்கு உள்ளாகி வரும் உக்ரைன் மக்கள் கைக்கொள்ளும் ஓர் எளிய விதி உண்டு. வெளிப்புறத்துக்கும் நமக்கும் இடையே இரண்டு சுவர்கள் இருக்க வேண்டும் என்பதே அது. வெளிச்சுவர் வெடியின் வேகத்தை ஏற்கிறது. உட்சுவர் உடைந்த கல்லையும் கண்ணாடிச் சில்லையும் தடுக்கிறது. சன்னல் இல்லாத நடைவழி, உள் அறை, மாடிப்படியின் அடிப்புறம் ஆகியவை ஏற்றவை. மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது. வெட்டவெளியில் அகப்பட்டவர் பள்ளத்திலோ வாய்க்காலிலோ திண்மையான சுவர் மறைவிலோ குப்புறப் படுத்துத் தலையைக் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். வாகனத்தில் செல்பவர் விளக்கை அணைத்து வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, அதைவிட்டு விலகி மறைவிடம் தேட வேண்டும். இருட்டடிப்பு அறிவிக்கப்பட்டால் ஒரு வீட்டின் விளக்கும் தெருவின் பொறுப்பாகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தரையில் கிடந்தால்

விழுந்து கிடக்கும் ட்ரோனே பொதுமக்களுக்கு மிகுந்த ஆபத்து விளைவிப்பது என்பது என் கருத்து. பறக்கும்போது அதற்கு அஞ்சி ஒதுங்குபவர்கள், விழுந்தபின் அதைச் சூழ்ந்து நிற்கிறார்கள். சிறுவர்கள் அதை விளையாட்டுப் பொருளாகக் கருதுகிறார்கள். பழைய இரும்பு சேகரிப்பவர் அதற்கு விலை மதிக்கிறார்.

அதில் மூவகைத் தீமை மறைந்திருக்கக் கூடும். முதலாவது, வெடிக்காத குண்டு. விழுந்தபோது வெடிக்காத பொருள், தொடும்போதோ புரட்டும்போதோ வெடிக்கலாம். இரண்டாவது, லித்தியம் மின்கலம். அடிபட்ட லித்தியம் மின்கலம் உடனே எரியாமல், நேரம் கழித்துத் தானே சூடேறித் தீப்பிடிக்கும் இயல்புடையது. அதன் புகையும் நச்சுத் தன்மை வாய்ந்தது. தீ அணைந்தபின் மீண்டும் பற்றவும் கூடும். மூன்றாவது, அது சுமந்து வந்த பொருள். போதைப்பொருளோ ஆயுதமோ அடங்கிய பொட்டலத்தைத் தேடிக்கொண்டு வருபவர்கள் அண்மையிலேயே இருக்கக்கூடும்.

எனவே செய்ய வேண்டியவை இவை. தொடாதே, நகர்த்தாதே, துணியால் மூடாதே, தண்ணீர் ஊற்றாதே. பிறரையும் அழைத்துக்கொண்டு விலகிச் செல். எவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். பொருளின் அளவைக் கண்டு தூரத்தைக் கணிக்கப் பொதுமக்களால் இயலாது. ஆகவே ஓர் எளிய அளவுகோலைச் சொல்கிறேன்: அப்பொருள் உன் கண்ணுக்குத் தெரிகிற வரையில் நீ போதிய தூரம் செல்லவில்லை. நடுவில் ஒரு கட்டடமோ மண்மேடோ வரும்வரை செல்ல வேண்டும். தொலைபேசியைப் பொருளின் அருகே நின்று உபயோகிக்காமல், விலகிச் சென்றபின் உபயோகிக்க வேண்டும். பாதையின் இருபுறமும் ஆள் நின்று வருவோரைத் தடுத்தால் போதும். மற்றவற்றை வெடிகுண்டுச் செயலிழப்புப் படையினர் கவனித்துக்கொள்வர்.

தொடாமல் விடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. ட்ரோனின் நினைவகத்தில் அது புறப்பட்ட இடம், பறந்த பாதை போன்ற விவரங்கள் பதிந்திருக்கக் கூடும். விவரமறியாதவர் கை பட்டால் அச்சான்று அழியும். தொடாத ட்ரோன், அதை அனுப்பியவனைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாகும்.

யாருக்குச் சொல்வது?

செய்தியைக் காவல் துறைக்குச் சொல்வதும் ஊருக்கெல்லாம் பரப்புவதும் ஒன்றல்ல. 112-க்குத் தரும் தகவலின் பயன் சமுதாயம் முழுவதற்கும் சேர்கிறது. விழுந்த இடத்தின் படத்தைக் கைப்பேசி வழியே நூறு பேருக்கு அனுப்புவதால் அனுப்பியவருக்குக் கிடைப்பது சிறிது நேரப் புகழ். அதன் விலையைச் செலுத்துபவர்கள் பிறர். தாக்கியவனுக்குத் தன் குறி எங்கே விழுந்தது என்பது தெரியாது. தெருப் பெயருடன் நாம் வெளியிடும் படம் அதை அவனுக்குத் தெரிவிக்கிறது. அடுத்த குறியைத் திருத்திக்கொள்ள அவனுக்கு உதவுகிறது. பாதுகாப்பு நடவடிக்கைகளை நேரடியாக ஒளிபரப்ப வேண்டாம் என 2025 மே மாதத்தில் செய்தி நிறுவனங்களுக்கு அரசு அறிவுரை வழங்கியதன் காரணம் இதுவே. நிகழ்ச்சிகளில் அபாயச் சங்கொலியைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அப்போது கேட்டுக்கொள்ளப்பட்டது. நாள்தோறும் தொலைக்காட்சியில் சங்கு ஒலித்தால், மெய்யாகவே ஒலிக்கும் நாளில் அதை யார் மதிப்பார்?

வதந்தியின் விலை

2025 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மேற்கு உத்தரப் பிரதேச மாவட்டங்கள் பலவற்றில் மக்கள் இரவெல்லாம் கம்புகளுடன் கண் விழித்துக் காவல் காத்தனர். வானில் கண்ட ஒவ்வொரு ஒளியும் ட்ரோனாகத் தோன்றியது. முசாபர்நகர் மாவட்டத்தில் காவல் துறையினர் புலன் விசாரித்தபோது, புறாக்களின்மீது சிவப்பு, பச்சை விளக்குகளைக் கட்டிப் பறக்கவிட்ட இருவர் பிடிபட்டனர்.

இது படிப்பறிவு குறைந்தோரின் குறை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் நியூஜெர்சியிலும் சுற்றுப்புறங்களிலும் ட்ரோன் கண்டதாக 5,000-க்கும் மேற்பட்ட தகவல்கள் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு வந்தன. மேலும் விசாரிக்கத் தக்கவை சுமார் 100 மட்டுமே. மற்றவற்றுள் பல சாதாரண விமானங்களும் விண்மீன்களும் ஆகும். 2018 டிசம்பரில் ட்ரோன் கண்டதாக வந்த தகவல்களால் இலண்டன் காட்விக் விமான நிலையம் ஒரு நாளுக்கும் மேலாக முடங்கியது. சுமார் 1,000 விமானப் பயணங்களும் 1,40,000 பயணிகளும் பாதிக்கப்பட்டனர். குற்றவாளி எவரும் கண்டுபிடிக்கப்படவில்லை.

கண்ணால் கண்டதைச் சோதித்துப் பார்க்கச் சில எளிய வழிகள் உள்ளன. ஒளியை ஒரு கம்பத்தின் விளிம்போடு பொருத்திச் சில நிமிடம் பாருங்கள். அசையாமல் நிற்பது பெரும்பாலும் கோளோ விண்மீனோ ஆகும். மின்கலத்தால் இயங்கும் சிறிய ட்ரோன் பொதுவாக ஒரு மணி நேரத்துக்குமேல் பறப்பது அரிது. ஆகவே இரவு முழுதும் ஓரிடத்தில் நின்ற ஒளி அத்தகைய ட்ரோனாக இருக்க முடியாது. ஐயம் தீராவிடில் 112-க்குத் தெரிவித்துவிட்டு வீட்டுக்குள் செல்லலாம். அயலார் ஒருவரை நிறுத்தி விசாரிக்கும் அதிகாரம் ஐயத்தால் எவருக்கும் வந்துவிடாது.

அலுவலர்களின் கடமை

இனி அலுவலர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வதந்தி பிறப்பது தகவல் இல்லாத இடத்தில். நில அளவைக்கோ மருந்து தெளிப்புக்கோ ட்ரோன் வருவதாயின், முதல் நாளே ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்டியும், ஒலிபெருக்கி வாயிலாகவும் ஊரார்க்கு அறிவிக்க வேண்டும். பணியாளர் அடையாள அட்டை அணிந்திருக்க வேண்டும். ட்ரோனைக் கண்டதாகத் தகவல் வந்தால் விரைந்து விசாரித்து, விசாரணையில் கண்டதைத் தகவல் தந்தவருக்கும் ஊருக்கும் தெரிவிக்க வேண்டும். ‘விசாரணை நடைபெறுகிறது’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், மீதிக் கதையை வதந்தி முடித்துவிடும். தகவல் தந்தது தவறாகப் போய்விட்டதற்காக நல்லெண்ணத்தோடு சொன்னவரைக் கடிந்துகொள்ளவும் கூடாது. அடுத்த முறை அவர் வாய் திறக்கமாட்டார்.

குடிமைப் பாதுகாப்புச் சட்டம் 1968-இல் இயற்றப்பெற்றது. நாகபுரியில் 1957-இல் தொடங்கிய பயிற்சி நிலையம், பின்னர் தேசியக் குடிமைப் பாதுகாப்புக் கல்லூரியாக வளர்ந்தது. 2025 மே 7-ஆம் நாள் 244 குடிமைப் பாதுகாப்பு மாவட்டங்களில் ஒத்திகை நடத்தப்பட்டது. அடித்தளம் நம்மிடம் இருக்கிறது. அதனை ஆண்டுக்கு ஒருமுறை தூசி தட்டும் சடங்காக வைக்காமல், பள்ளியிலும் சந்தையிலும் தொழிற்சாலையிலும் பழக்கமாக்க வேண்டும். மாணவர்கள் தன்னார்வத் தொண்டர்களாகப் பதிந்து முதலுதவியும் தீயணைப்பும் கற்றுக்கொள்ளலாம். எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கிறோம் என்று அமைதி கொள்வதற்கில்லை. விமான நிலையமும் துறைமுகமும் எண்ணெய்க் கிடங்கும் உள்ள ஊர்கள் நாடெங்கும் உள்ளன.

தொகுத்துச் சொன்னால் மூன்று சொற்கள் போதும். விலகு, மறைந்துகொள், தெரிவி. இம்மூன்றில் எதற்கும் வீரம் தேவையில்லை. ஆவலை அடக்கும் மன உறுதி தேவை. விழுந்ததை எடுத்துப் பார்க்கும் கையையும், ஐயுற்றவனை அடிக்க ஓங்கும் கையையும் ஒருசேரத் தடுத்து நிறுத்துவது அந்த உறுதிதான். வயலில் மருந்து தெளிக்க வரும் ட்ரோனை வரவேற்கவும், வஞ்சகமாக வரும் ட்ரோனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவும் ஒரே கிராமம் கற்றுக்கொள்ள முடியும். அதைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு இங்கே அமர்ந்திருக்கும் நம் அனைவருடையதும் ஆகும்.